தனியாளாக ஒரு பாயிண்ட் அண்ட் கிளிக் த்ரில்லர் கேம் உருவாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

த்ரில்லருக்கு அவசரம் வேண்டும். பாயிண்ட் அண்ட் கிளிக் கேமிலோ ஆடுபவர் கிளிக் செய்யும்வரை எதுவும் நகராது. கதவுக்கு வெளியே கொலைகாரன் நின்றுகொண்டிருக்கும்போதும் அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இந்த முரணை எப்படிச் சமாளிப்பது என்பதை முதலிலேயே யோசித்தால்தான் கேம் நிற்கும். கீழே உள்ள படிகளின் வரிசை அதை மனதில் வைத்து அமைந்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் அறையின் பின்னணிப் படத்தை வரைவதில் இறங்குகிறார்கள். சில மாதங்களில் அழகான மூன்று அறைகள் கையில் இருக்கும், ஒரு புதிர்கூட இருக்காது. அங்கேயே நின்றுபோகும் கேம்கள் ஏராளம். ஆகவே இங்கே வரிசை வேறு: முதலில் கதையின் முடிவு, அடுத்து புதிர், பிறகு வெறும் பெட்டிகளால் ஆன அறைகள், கடைசியில்தான் படம்.

விளக்கத்துக்கு ஒரு சின்னக் கதையை எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஓட்டலில் இரவுப் பணியில் இருக்கும் வரவேற்பாளர்தான் நம் கதாநாயகி. 14ஆம் எண் அறையில் தங்கியிருந்த பெண்ணைக் காணவில்லை. பதிவேட்டில் அந்தப் பக்கமே இல்லை. "அப்படி யாரும் இங்கே தங்கவே இல்லை" என்கிறார் மேலாளர்.

தொடங்கும் முன் தேவையானவை

ஒரு கணினி, நிறைய காகிதம், "இது நடந்திருந்தால் அதைச் செய், இல்லையென்றால் இதைச் செய்" என்ற அளவுக்கு நிரல் எழுதும் பழக்கம். இவை போதும். வரையத் தெரியாவிட்டாலும் 9ஆம் படி வரை தடையில்லாமல் போகலாம்.

அளவை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முதல் கேமுக்கு ஐந்து அல்லது ஆறு அறைகள், நான்கு பாத்திரங்கள், ஒரு மணி நேர ஆட்டம். ஒவ்வொரு புது அறையும் படம், ஒலி, வசனம், சோதனை என்று நான்கு வேலைகளைக் கூடவே இழுத்து வரும். அதனால்தான் இந்தக் கண்டிப்பு.

இன்னொன்று, கதையைப் பற்றி எதுவும் தெரியாத சிலரின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லக்கூடாது. பின்னால் சோதனைக்கு அவர்கள் வேண்டும்.

1. உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்

ஒரே ஒரு பக்கம். ஆடுபவர் கண்டுபிடிக்கும் வரிசையில் எழுத வேண்டாம், சம்பவம் நடந்த வரிசையில் எழுதுங்கள். நம் கதையில் அந்தப் பெண் ஒரு கணக்குத் தணிக்கையாளர். ஓட்டல் கணக்கில் மேலாளர் செய்த மோசடியைக் கண்டுபிடித்துவிட்டார். மேலாளர் அவரை அடித்தளத்தில் அடைத்து வைத்திருக்கிறார். பதிவேட்டைக் கிழித்தது எப்போது, சாப்பாடு கொண்டுபோனது யார், சாவி யாரிடம் என்பதையெல்லாம் மணி நேரத்தோடு குறியுங்கள்.

இந்தப் பக்கம் இருந்தால் தடயங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. குற்றவாளியின் ஒவ்வொரு செயலும் எதையாவது விட்டுச் சென்றிருக்கும். அடைத்து வைத்தவருக்குச் சாப்பாடு போயிருந்தால் திரும்பி வந்த தட்டு எங்கோ இருக்க வேண்டும். எழுதாமல் தொடங்குபவர்கள் முதலில் தடயத்தை வைத்துவிட்டு, பிறகு அதற்குக் காரணம் தேடுகிறார்கள். மூன்றாவது தடயத்திலேயே கதை முரண்படத் தொடங்கும்.

2. புதிர்களை முடிவிலிருந்து பின்னோக்கி வரையுங்கள்

மொத்த வேலையில் இதுதான் முக்கியமான படி. அவசரப்படாதீர்கள்.

பெரிய காகிதத்தின் அடியில் ஒரு பெட்டி போட்டு "பெண்ணை விடுவித்தல்" என்று எழுதுங்கள். அதற்கு என்னென்ன வேண்டும்? ஒன்று, அடித்தளச் சாவி. இன்னொன்று, அவர் அங்கேதான் இருக்கிறார் என்ற தெளிவு. இரண்டையும் மேலே தனித்தனிப் பெட்டிகளாகப் போட்டு, அம்புக்குறியால் கீழே இணையுங்கள்.

சாவி மேலாளரின் மேசையில் இருக்கிறது. அவர் அறையை விட்டு வெளியே போனால்தான் எடுக்க முடியும். மின்சாரம் போனால் அவர் பார்க்கப் போவார். ஆகவே ஃப்யூஸ் பெட்டி வேண்டும், அதைத் திறக்க ஒரு வழி வேண்டும். இப்படியே மேல்நோக்கிப் போங்கள்.

தெளிவு எங்கிருந்து வரும்? 14ஆம் அறைக் குளியலறையில் ஒரு மாத்திரைப் பெட்டி. சமையலறைக்குத் திரும்பி வந்த, அறை எண் எழுதப்படாத ஒரு தட்டு. அதில் அதே மாத்திரையின் காலி அட்டை. இரண்டையும் பார்த்தவருக்குப் புரிந்துவிடும், அந்தப் பெண் இன்னமும் இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறார். யாரும் வாய் திறந்து சொல்லாமல், ஆடுபவர் தானே சேர்த்துப் பார்த்து அதிரும் இடம் இது. ஒரு த்ரில்லருக்கு இப்படி இரண்டு இடங்கள் இருந்தாலே போதும், கேம் நினைவில் நிற்கும்.

ஏன் பின்னோக்கி வரைய வேண்டும்? முன்னோக்கி வரைந்தால் "இங்கே ஒரு கயிறு வைப்போம், எதற்காவது உதவும்" என்று தோன்றும். பின்னோக்கி வந்தால் எந்தப் பொருளும் காரணமில்லாமல் உள்ளே வராது.

வரைந்ததும் மூன்று விஷயங்களைச் சோதியுங்கள். முதலாவது அகலம். ஆட்டத்தின் நடுப்பகுதியில் எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு புதிர்களாவது திறந்திருக்க வேண்டும். ஒன்றில் மாட்டியவர் இன்னொன்றுக்குப் போகலாம். முடிவை நெருங்கும்போது பாதை குறுகி ஒரே வழியாகலாம், த்ரில்லருக்கு அது நல்லதும்கூட.

இரண்டாவது, முட்டுச்சந்து. ஓர் அறை நிரந்தரமாக மூடப்படும் இடத்தில் நின்று பாருங்கள். அந்த அறையிலிருந்து எடுக்காமல் விட்ட பொருள் ஏதாவது பின்னால் தேவைப்படுமா? தேவைப்பட்டால், ஆடுபவர் முடிக்கவே முடியாத ஆட்டத்தைத் தெரியாமல் மணிக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பார். அந்தப் பொருள் இல்லாமல் அறை மூடாதபடி செய்யுங்கள், அல்லது வேறு இடத்தில் இன்னொன்று வையுங்கள்.

மூன்றாவது, பயம். ஒவ்வொரு பெட்டியையும் தொட்டு, "பயந்துபோயிருக்கும் ஒருவர் இந்த நிலையில் இதைச் செய்வாரா?" என்று கேளுங்கள். மேலாளர் மாடிப்படியில் இறங்கி வந்துகொண்டிருக்கும்போது நம் வரவேற்பாளர் பசையும் குடைக்கம்பியும் சேர்த்துத் தூண்டில் செய்ய மாட்டார். ஒளிந்துகொள்வார், பொய் சொல்வார், விளக்கை அணைப்பார். த்ரில்லரில் புதிர் என்பது தப்பிக்கும் முயற்சியாகவே இருக்க வேண்டும். நகைச்சுவை கேமில் ரசிக்கப்படும் விசித்திரப் புதிர் இங்கே பயத்தைக் கலைத்துவிடும்.

3. பொருளையும் அறிவையும் தனித்தனியே குறியுங்கள்

கையில் இருக்கும் பொருளை இன்வென்ட்டரி, அதாவது ஆடுபவர் எடுத்த பொருள்களின் பட்டியல், பார்த்துக்கொள்ளும். ஆடுபவருக்கு என்ன தெரியும் என்பதை நீங்கள்தான் நிரலின் மாறிகளில் (வேரியபிள்) வைக்க வேண்டும். ஒரு அட்டவணை போடுங்கள்: மாறியின் பெயர், எங்கே மாறுகிறது, எங்கே பயன்படுகிறது.

இதைத் தள்ளிப்போட்டால் வரும் பிழை எல்லோருக்கும் ஒன்றுதான். மாத்திரைப் பெட்டியையே பார்க்காதவருக்கு "அந்த மாத்திரை யாருடையது?" என்ற கேள்வி உரையாடலில் வந்து நிற்கும். மர்மம் அங்கேயே உடைந்துவிடும். மாறிகளுக்கு எண் வைக்காமல் "தட்டைப்_பார்த்தாச்சு" என்பதுபோல நடந்ததையே பெயராக வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் புரியும்.

4. எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள்

எஞ்சின் என்பது கேமைக் கட்ட உதவும் மென்பொருள். இந்த வகைக்கென்றே உருவான அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோ, சுருக்கமாக ஏஜிஎஸ், இலவசம். மூல நிரலும் திறந்தது. அறை, ஹாட்ஸ்பாட் (திரையில் கிளிக் செய்யக்கூடிய இடம்), நடக்கும் பரப்பு, இன்வென்ட்டரி, உரையாடல் எல்லாம் அதில் ஆயத்தமாக இருக்கின்றன. ஜெமினி ரூ (2011), கேத்தி ரெய்ன் (2016) இரண்டும் அதில் உருவானவை. எடிட்டர் விண்டோஸுக்கானது. முதல் கேமுக்கு என் பரிந்துரை இதுதான்.

யூனிட்டி, காடோ இரண்டும் எல்லா வகைக் கேம்களுக்குமான பொது எஞ்சின்கள். யூனிட்டி பழகியவர்களுக்கு அட்வென்ச்சர் கிரியேட்டர் என்ற விலைக்குக் கிடைக்கும் இணைப்பு உண்டு. காடோ விரும்புபவர்களுக்கு பொப்போச்சியு என்ற இலவச இணைப்பு. வெறும் யூனிட்டியிலோ வெறும் காடோவிலோ எல்லாவற்றையும் நீங்களே எழுதத் தொடங்காதீர்கள். சேவ் வசதியும் நடக்கும் பாதையும் மட்டுமே பல மாதங்களை விழுங்கிவிடும்.

உரையாடல் தமிழில் வர வேண்டுமென்றால் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். "கொடி", "செய்தி" என்று எழுதி ஓடவிட்டுப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். சில எஞ்சின்களில் அது இடம் மாறி நிற்கும். காடோ 4இல் இந்த எழுத்துக்கோப்பு வசதி உள்ளமைந்தே வருகிறது.

5. திரை அளவை முடிவு செய்யுங்கள்

பிக்சல் படம் என்றால் 320×180 அல்லது 640×360 எடுத்துக்கொள்ளுங்கள். 320×180 சரியாக ஆறு மடங்கானால் 1920×1080. 640×360க்கு மூன்று மடங்கு. முழு எண்ணால் பெருகும்போது ஒவ்வொரு பிக்சலும் ஒரே அளவில் பெரிதாகும். அப்படி இல்லாத அளவில், நடக்கும்போது பாத்திரத்தின் முகம் நெளிவதுபோலத் தெரியும். நடுவில் அளவை மாற்றினால் வரைந்ததையெல்லாம் திரும்ப வரைய வேண்டியிருக்கும், எனவே இதை இப்போதே முடித்துவிடுங்கள்.

6. முழுக் கேமையும் சாம்பல் பெட்டிகளால் கட்டுங்கள்

கதவு ஒரு செவ்வகம், மேசை ஒரு செவ்வகம், மேலாளர் சிவப்பாக ஒரு நீள்சதுரம். மேலே பெயர் எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை இப்படியே ஆடி முடிக்க முடிய வேண்டும். அதுவரை எந்தப் படத்தையும் வரையாதீர்கள்.

கை துறுதுறுக்கும், தெரியும். ஆனால் இந்த நிலையில் ஓர் அறையை நீக்க ஐந்து நிமிடம் போதும். படம் வரைந்த பிறகு அதை நீக்க மனம் வராது. வேண்டாத அறை கேமில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஏஜிஎஸில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இந்தப் படியில்தான் வரும்.

ஃபங்ஷனை நிரலில் எழுதிவிட்டு "கிளிக் செய்தால் எதுவும் நடக்கவில்லை" என்பார்கள். எழுதினால் மட்டும் போதாது, அந்த ஹாட்ஸ்பாட்டின் நிகழ்வுப் பட்டியலில் அதை இணைக்க வேண்டும். வேறு அறையிலிருந்து நிரலை நகலெடுத்து ஒட்டும்போதுதான் இது அதிகம் நடக்கும்.

அறை மாற்றும் கட்டளை எழுதிய இடத்திலேயே நடந்துவிடாது. அந்த ஃபங்ஷன் முடிந்த பிறகே அறை மாறும். அதற்குக் கீழே எழுதிய வசனம் பழைய அறையிலேயே ஒலித்துவிடும். புது அறையில் நடக்க வேண்டியதைப் புது அறையின் ஃபேட்-இன்னுக்கு (இருளிலிருந்து அறை மெல்லத் தெரிவது) பிந்தைய நிகழ்வில் எழுதுங்கள்.

300க்கு மேல் எண் கொடுத்த அறைகளின் நிலை நினைவில் இருக்காது. திறந்த இழுப்பறை அடுத்த முறை மூடியிருக்கும். கதை நடக்கும் அறைகளுக்கு 300 வரையுள்ள எண்களையே கொடுங்கள்.

மேசைக்குப் பின்னால் நடக்க வேண்டிய பாத்திரம் மேசைமீது நடந்தால், மறைப்புப் பரப்பின் (பின்னால் போகும் பாத்திரத்தை மறைக்கும் பகுதி) அடிக்கோடு தவறான உயரத்தில் இருக்கிறது என்று பொருள். மேசையின் கால் தரையைத் தொடும் இடத்தில் வையுங்கள்.

7. கிளிக்கையும் பதில்களையும் எளிமையாக்குங்கள்

இடது கிளிக்கில் செயல், வலது கிளிக்கில் பார்வை. பத்து வினைச்சொல் பொத்தான்கள் வேண்டாம். கதவில் இருமுறை கிளிக் செய்தால் நடந்துபோகும் காட்சி இல்லாமல் உடனே அறை மாற வேண்டும். ஒரு பட்டனை அழுத்தினால் ஹாட்ஸ்பாட்கள் எல்லாம் மின்ன வேண்டும். "அப்புறம் புதிருக்கே அர்த்தமில்லையே" என்று சிலர் தயங்குகிறார்கள். நாலு பிக்சல் சாவியைத் திரையில் துழாவுவது புதிர் ஆகாது. அந்தத் துழாவலில் பயம் முழுக்க வடிந்துவிடும்.

12 பொருள்களும் 40 ஹாட்ஸ்பாட்களும் இருந்தால் 480 சேர்க்கைகள். அத்தனைக்கும் பதில் எழுத முடியாது. ஆனால் நியாயமாகத் தோன்றும் தவறான முயற்சிகளுக்குத் தனிப் பதில் கட்டாயம் வேண்டும். கத்தரிக்கோலால் பூட்டை நெம்பப் பார்ப்பவரிடம் "அது வேலைக்கு ஆகாது" என்றால் அவர் யோசிப்பதையே விட்டுவிடுவார். "முனை உள்ளே போகிறது, ஆனால் வளைகிறது" என்றால், யோசனை சரி, கருவிதான் தவறு என்று புரிந்துகொள்வார். நல்ல குறிப்புகளை இந்தப் பதில்களுக்குள்தான் வைக்க வேண்டும்.

8. கடிகாரம் இல்லாமல் அவசரத்தை உண்டாக்குங்கள்

தொடக்கத்தில் சொன்ன முரணுக்கு இப்போது வருவோம். உடனே டைமர் வைக்கத் தோன்றும். ஆட்டம் முழுவதும் டைமர் ஓடினால் யாரும் எதையும் கவனித்துப் பார்க்க மாட்டார்கள், தடயங்கள் வீணாகும்.

அதற்குப் பதில், ஆடுபவர் முன்னேறும் ஒவ்வொரு முறையும் ஆபத்தையும் ஓர் அடி முன்னால் நகர்த்துங்கள். முதல் தடயம் கிடைத்ததும் மேலாளர் "ஏன் இன்னும் விளக்கு எரிகிறது?" என்று தொலைபேசியில் கேட்கிறார். இரண்டாவது கிடைத்ததும் தாழ்வாரத்தில் நிற்கிறார். மூன்றாவதில் வரவேற்பு மேசையின் தொலைபேசி ஒயர் அறுந்து கிடக்கிறது. தன் வெற்றிதான் ஆபத்தை இழுத்து வருகிறது என்று ஆடுபவருக்குப் புரிந்த பிறகு, அடுத்த கிளிக் செய்யவே கை தயங்கும். அந்தத் தயக்கம்தான் நமக்கு வேண்டியது.

பாதுகாப்பான இடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பாதி ஆட்டத்தில் அதைத் தொடுங்கள். நம் கதையில் அது வரவேற்பு மேசை. திரும்பி வரும்போது மூடி வைத்த பதிவேடு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். வசனம் வேண்டாம், இசை வேண்டாம்.

நிஜமான டைமர் காட்சி ஒன்றோ இரண்டோ வைக்கலாம். அங்கே தேவைப்படும் எல்லாவற்றையும் ஆடுபவர் ஏற்கெனவே ஒருமுறை பயன்படுத்தியிருக்க வேண்டும். காட்சி தொடங்கும் முன் தானாகச் சேவ் ஆக வேண்டும். தோற்றால் சில விநாடிகளுக்கு முன்னால் கொண்டுபோய் விடுங்கள். ஒரே வசனத்தை நான்காம் முறை கேட்பவருக்குப் பயம் போய் எரிச்சல்தான் மிஞ்சும்.

9. உரையாடலை எழுதுங்கள்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று வரிகள் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன தெரியும், எதை மறைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார். சுத்தம் செய்பவரிடம் மாஸ்டர் சாவி இருக்கிறது, ஆனால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு பேசுவதே அங்கே புதிர்.

ஒரு முறைக்கு இரண்டு வரிக்கு மேல் யாரும் பேச வேண்டாம். புதிருக்குத் தேவையான தகவலை மறுபடியும் கேட்க வழி இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து ஆட்டத்தைத் தொடர்பவர் பாதியை மறந்திருப்பார்.

10. இப்போது படமும் ஒலியும்

சாம்பல் பெட்டிகளின் அளவை மாற்றாமல் அவற்றின் மேலேயே வரையுங்கள். கதவை நகர்த்தினால் நடக்கும் பரப்பு, மறைப்பு, வசனம் எல்லாம் கூடவே நகர வேண்டியிருக்கும். புதிருக்கான அடையாளம் சிவப்பு, பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. பலருக்கு அது தெரியாது.

படத்தை விட ஒலிதான் த்ரில்லரைத் தாங்குகிறது. ஒவ்வொரு அறைக்கும் தனிப் பின்னணி ஒலி வையுங்கள், ஓயாத குளிர்பெட்டி இரைச்சல் மாதிரி. அது சட்டென்று நிற்பது எந்த அலறலையும் விட நன்றாக வேலை செய்யும். இலவச ஒலிகளை எடுக்கும்போது உரிமத்தைப் படியுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பகிர்வு உரிமங்களில் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் வகையும் உண்டு. அதை விற்பனைக்கான கேமில் சேர்க்க முடியாது. எடுத்த அன்றே கோப்பின் பெயர், உருவாக்கியவர், உரிமம் மூன்றையும் எழுதி வையுங்கள்.

11. வாயைத் திறக்காமல் சோதியுங்கள்

முதல் சோதனை படம் வரைவதற்கு முன், சாம்பல் பெட்டி நிலையிலேயே நடக்க வேண்டும். இரண்டாவது, எல்லாம் முடிந்த பிறகு. இரண்டுக்கும் வேறு வேறு ஆட்கள் வேண்டும். ஒரு மர்மத்தை ஒருவர் ஒருமுறைதான் முதல்முறையாக ஆட முடியும். பட்டியலில் உள்ள எல்லோரையும் ஒரே வாரத்தில் செலவழித்துவிடாதீர்கள்.

பக்கத்தில் உட்காருங்கள், உதவாதீர்கள். அவர் எங்கே கிளிக் செய்கிறார், வாய்விட்டு என்ன சொல்கிறார், எங்கே நிற்கிறார் என்று மட்டும் குறியுங்கள். பத்து நிமிடம் நின்றால் பிழை புதிரில் இருக்காது, பெரும்பாலும் அதற்கு முந்தைய காட்சியில் ஒரு குறிப்பு சரியாக விழுந்திருக்காது. அதைத் திருத்துங்கள், விடையை எளிதாக்காதீர்கள். யார் குற்றவாளி என்று நினைக்கிறார் என நடுவில் ஒருமுறை கேளுங்கள். மிகச் சீக்கிரமே சரியாகச் சொன்னால் மேலாளரின் முதல் வசனத்தைத் திரும்பப் பாருங்கள்.

12. வெளியிடுங்கள்

இட்ச், ஸ்டீம் இரண்டும் கேம்களை விற்கும் இணையக் கடைகள். இட்ச் தளத்தில் இலவசமாகவே வெளியிடலாம். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்ட வேண்டும். கட்டியதிலிருந்து 30 நாள் காத்திருக்க வேண்டும், "விரைவில்" என்ற பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் இருக்க வேண்டும். கேம் தயாரான அன்றே வெளியிடலாம் என்று தேதி அறிவித்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பக்கத்தை மாதங்களுக்கு முன்பே திறந்துவிடுங்கள்.

டெமோவுக்கு முதல் அத்தியாயத்தைக் கொடுங்கள். மாத்திரை அட்டை தெரியும் கணத்தில் அதை முடியுங்கள்.

வெளியான பிறகு பிழை திருத்தும்போது ஒரு கவனம் வேண்டும். அறைகளில் பொருள்களையோ புது மாறிகளையோ சேர்த்தால் பழைய சேவ் கோப்புகள் திறக்காமல் போகலாம். பாதி ஆட்டத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் இழப்பார். ஆட்டத்தின் வெவ்வேறு கட்டங்களில் எடுத்த சேவ்களை ஒரு கோப்புறையில் வைத்திருங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் வெளியிடும் முன் அவை அத்தனையையும் திறந்து பாருங்கள்.